கவுண்டரில் குனி... ராட்டினத்தில் எம்பு!

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் இரண்டு உயரம் உண்டு. டிக்கெட் கவுண்டர் முன்னால் ஒரு உயரம், ராட்டினத்து வாசலில் இன்னொரு உயரம்!

“மக்களே, கொஞ்சம் குனிஞ்சு நில்லு. அரை டிக்கெட்டுன்னு சொல்லணும்” என்று கவுண்டரில் தலையை அமுக்குகிற அதே கை, பத்து நிமிஷம் கழித்து ராட்டினத்து வாசலில் பிள்ளையின் தோளைப் பிடித்துத் தூக்குகிறது. “மக்களே, விரல்ல எம்பி நில்லு. இல்லேன்னா ஏத்த மாட்டானுவ!”

இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். நான் எழுத வந்தது சிரிப்பதற்காக அல்ல. முதல் பொய்யில் யாருக்கோ சில ரூபாய் நஷ்டம், அதோடு முடிந்தது. இரண்டாவது பொய்யில் நஷ்டப்படப் போவது பெற்றவர்கள்தான். கவுண்டரில் நிற்கிற அளவுகோல் காசுக்காக நிற்கிறது. ராட்டினத்து வாசலில் நிற்கிற அளவுகோல் உயிருக்காக நிற்கிறது. முதலாவதை எதிர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், இரண்டாவதிடம் வாதாடவே கூடாது. இதுவே என் கட்சி. அந்த இரண்டாவது அளவுகோல் நம் மாவட்டத்துத் திருவிழா மைதானங்களுக்கு வந்தாக வேண்டும் என்பது என் கோரிக்கை.

பார்க்கில் உண்டு, திருவிழாவில் உண்டா?

தமிழ்நாட்டில் தீம் பார்க் மோகம் தொண்ணூறுகளில் பரவியது. தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா 1995இல் வந்தது. நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் பஸ் பிடித்துப் போன கொச்சி வீகாலாண்ட் 2000இல் திறக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் வொண்டர்லா. இம்மாதிரி பெரிய பூங்காக்களில் ஒவ்வொரு சவாரியின் வாசலிலும் உயரத்தைச் சொல்லும் பலகை இருக்கும். ஒன்றுக்கு 120 செ.மீ., இன்னொன்றுக்கு 140 செ.மீ. என்று சவாரிக்குச் சவாரி மாறும். கோட்டுக்குக் கீழே தலை இருந்தால் காவலர் கையைக் குறுக்கே நீட்டிவிடுவார். அமைச்சர் வீட்டுப் பிள்ளையானாலும் அதே கை, அதே கோடு.

ஆனால் நம் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் கொச்சிக்குப் போகிறார்கள்? முக்கால்வாசிப் பேருக்குத் தீம் பார்க் என்றால் அது திருவிழா மைதானம்தான். கோட்டாறு சவேரியார் பெருவிழா, நாகராஜா கோயில் தைத் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காடு மாசிக் கொடை என்று வருஷம் முழுக்க விழாக்கள். விழா என்றால் மிட்டாய்க்கடை, வளையல்கடை, அப்புறம் ராட்டினம். ஜெயன்ட் வீல், கொலம்பஸ், டோரா டோரா, பிரேக் டான்ஸ், பிள்ளைகளுக்கு டிராகன் ரயில்... லாரியில் வந்து இறங்கி, இரண்டு நாளில் எழும்பி, விழா முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும்.

நான் சுற்றிய மைதானங்களில் கட்டணப் பலகை பெரிசாக இருக்கும், சீரியல் லைட் மின்னும், ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும். உயரக் கோடு மட்டும் கண்ணில் பட்டதில்லை. ஒரு மைதானத்தில் கொலம்பஸ் வாசலில் நின்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். (எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், எல்லா ஊரும் அப்படித்தான்.) இடுப்பில் தூக்கி வைத்திருந்த பிள்ளையோடு ஒரு அம்மா ஏறினார்கள். “அண்ணாச்சி, நான் புடிச்சிக்கிடுவேன்” என்றார்கள். டிக்கெட் கிழிப்பவரும் “சரி, சட்டுன்னு ஏறுங்க” என்று சொல்லிவிட்டார். அங்கே பிள்ளையின் உயிருக்கு இருந்த ஒரே ஏற்பாடு அந்த அம்மாவின் கைதான்.

உயரக் கோடும் ஒரு கேஜ்தான்

உயரக் கோட்டை அவமானம் என்று நினைப்பவர்களுக்கு நம் மெட்ராலஜி வகுப்பிலிருந்து ஒரு பாடம் சொல்லலாம். ‘கோ’, ‘நோ கோ’ கேஜ் நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு துளையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அது சொல்லாது. ‘கோ’ முனை உள்ளே போகணும், ‘நோ கோ’ முனை போகக் கூடாது. அவ்வளவுதான். பாஸா, ரிஜெக்டா என்பது மட்டுமே அதன் பேச்சு. துளை அழகாக இருக்கிறதா, துளை போட்டவன் நல்லவனா என்றெல்லாம் அது தீர்ப்பு சொல்வதில்லை.

ராட்டினத்து வாசலில் உள்ள கோடும் அப்படித்தான். பிள்ளை தைரியசாலியா, புத்திசாலியா, எந்த வகுப்பு படிக்கிறான் என்று அது கேட்பதில்லை. ‘இந்த உடம்பை இந்த இருக்கையின் பூட்டு பிடிக்குமா, பிடிக்காதா?’ என்ற ஒரே கேள்விதான் கேட்கிறது.

வயதைக் கேட்டால் போதாதா என்பீர்கள். பூட்டுக்கு வயது தெரியாது நண்பர்களே! இருக்கையில் ஒரு பிள்ளையைப் பிடித்து வைப்பவை மூன்று: தொடைமேல் அமரும் கம்பி, தரையில் ஊன்றிய கால், கம்பியைப் பிடித்த கை. மூன்றுமே உடம்பின் நீளத்தைப் பொறுத்தவை. உயரம் குறைந்த பிள்ளைக்குக் கால் தரையில் எட்டாது, அந்தரத்தில் ஆடும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் கை கம்பிக்கு எட்டாது. கம்பியைப் பிடிக்க முன்னால் நகர்ந்தால் முதுகுக்குப் பின்னால் இடைவெளி. எடை பார்க்கத் தராசு வேணும், வயது பார்க்கச் சான்றிதழ் வேணும். உயரம் பார்க்க ஒரு கட்டையும் ஒரு கோடும் போதும். அதனால்தான் உலகம் முழுக்க உயரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

கொலம்பஸ் கணக்கு

“ஒண்ணும் ஆகாதுலே, சும்மா ஆடத்தானே செய்யுது” என்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. முதலாமாண்டு இயற்பியல் போதும்.

கொலம்பஸ் கப்பல் என்பது ஒரு பெரிய ஊசல். அது நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரிக்கு ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே போய் ஒரு கணம் நின்று திரும்புகிற இடத்தில், இருக்கை நம்மைத் தாங்கும் விசை நம் எடையோடு காஸ் 60ஐப் பெருக்கியது. அதாவது பாதி எடை. கீழே இறங்கி வரும்போது வேகத்தைக் கண்டுபிடித்து, மையநோக்கு விசையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். நம் எடையைப் போல இரண்டு மடங்கு வரும்! இந்தக் கணக்கில் ஊசலின் நீளம் அடிபட்டுப் போகிறது. கப்பல் சின்னதோ பெரிசோ, 60 டிகிரிக்கு விடை இதேதான்.

20 கிலோ பிள்ளை மேலே 10 கிலோ, கீழே 40 கிலோ. சில வினாடிகளுக்குள் 10, 40, 10, 40 என்று மாறி மாறி வரும். எடை பாதியானால் இருக்கையோடு உள்ள உராய்வும் பாதியாகிவிடும். வழுக்குவதற்குத் தோதான நேரம் அது.

இதுவும் நடு வரிசைக்குத்தான். இரண்டு முனையிலும் உள்ள கடைசி வரிசை இன்னும் உயரமாகப் போகும். அங்கே எடை இன்னும் குறைந்து, வயிறு தொண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். நம்ம பையன்கள் ஓடிப்போய் இடம் பிடிக்கிறது அந்தக் கடைசி வரிசையைத்தான்!

“அப்பா புடிச்சிக்கிடுவாரு...”

இதுதான் எல்லா வாசலிலும் கேட்கும் வாதம். பாசத்தில் சொல்வது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் இயந்திரத்திற்குப் பாசம் புரியாது.

ஒரு வரிசைக்கு ஒரே கம்பி என்ற அமைப்பைப் பார்த்திருப்பீர்கள். கம்பியை இறக்கினால் அது யார் தொடையில் முதலில் முட்டும்? அப்பாவின் தொடையில்தான். அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் பிள்ளையின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பூசணிக்காயே போகும்! அதாவது அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததாலேயே பிள்ளையின் பூட்டு பூட்டாமல் போகிறது. பாதுகாப்புக்காக வந்தவர், தெரியாமலே பாதுகாப்பைத் திறந்து வைக்கிறார்.

சரி, கையால் பிடிப்பார் என்றால்? கீழே வரும்போது பிள்ளை 40 கிலோ. அப்பாவின் உடம்பும் கையும் அந்த நேரத்தில் இரண்டு மடங்கு கனம். மேலே போகும்போது அவருக்கே பிடி தளர்கிறது. அவர் தன்னைப் பிடிக்க ஒரு கை வேண்டும். தரையில் அரிசி மூட்டை தூக்குகிறவராக இருக்கலாம். அந்தரத்தில் அந்தப் பலம் அப்படியே கணக்கில் வராது.

கேஜை ராவக் கூடாது!

உயரக் கோடு இருந்தால் எல்லா விபத்தும் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்.

2019 ஜூலை 14இல் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் மாதிரி ஆடும் சவாரி ஒன்று முறிந்து விழுந்தது. இருவர் இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2022 செப்டம்பர் 4இல் மொகாலியில் பொருட்காட்சி மைதானத்தில் ஆட்களை உயரத் தூக்கி இறக்கும் கோபுரச் சவாரி அப்படியே தரையில் வந்து மோதியது. பலர் அடிபட்டார்கள். கிஷ்கிந்தாவில் 2016 மே மாதம் சோதனை ஓட்டத்திலேயே ஒரு ஊழியர் உயிர் போனது. இவையெல்லாம் இயந்திரத்தின் கோளாறுகள். அங்கே எவ்வளவு உயரமானவர் உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை. அதற்கு மருந்து பராமரிப்பு, வெல்டிங் சோதனை, போல்ட் சோதனை, தினமும் காலையில் காலி ஓட்டம்.

இன்னொரு சம்பவம் நாம் படித்தே ஆகவேண்டியது. 2022 மார்ச் 24இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில், ஆட்களை மேலே தூக்கிக் கீழே விடும் உயரமான கோபுரச் சவாரியிலிருந்து 14 வயதுப் பையன் நழுவி விழுந்து இறந்தான். அவன் குள்ளமானவன் அல்ல. ஆறடிக்கு மேல் உயரம். ஆனால் தயாரிப்பாளர் சொன்ன எடை வரம்பைத் தாண்டியவன். அவன் இருக்கையில் பூட்டின் உணரியைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. பூட்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தும் இயந்திரம் ‘எல்லாம் சரி’ என்று விளக்கு காட்டியது.

ஃபிட்டிங் ஷாப்பில் ஜாப் கேஜுக்குள் போகவில்லை என்றால் ஜாபைத்தான் ராவ வேண்டும். கேஜை ராவினால்? மார்க் கிடைக்கும், ஜாப் கெட்டது கெட்டதுதான். ஆர்லாண்டோவில் நடந்தது கேஜை ராவின வேலை. பிள்ளையை விரலில் எம்பி நிற்கச் சொல்கிறோமே, அதுவும் கேஜை ராவுகிற வேலைதான்! உயரம், எடை, பூட்டு மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. இதில் நம்மால் இன்றைக்கே, அதிகச் செலவில்லாமல் தொடங்கக்கூடியது உயரம்.

குள்ளம் குற்றமல்ல

ஒரு நியாயமான வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஏழு வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 121 செ.மீ. ஆனால் நம் பிள்ளைகள் எல்லோரும் அந்த அட்டவணைப்படியா வளர்கிறார்கள்? 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாலில் ஒருவர்! இந்தியா முழுவதற்கும் 35.5 சதவீதம்.

ஆகவே ராட்டினத்து வாசலில் “நீ ஏறக்கூடாது” என்று திருப்பி அனுப்பப்படுபவன் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளையாக இருப்பான்? யோசித்துப் பாருங்கள். கூடப் படிக்கிறவன் ஏறிவிட்டான், இவன் வெளியே நிற்கிறான். “ஏ, அரை டிக்கெட்டு!” என்று ஒரு சத்தம் வேறு. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் எந்த அப்பாவுக்கும் “எம்பு மக்களே” என்று சொல்லத்தான் தோன்றும்.

இதற்கு மருந்து, கோட்டைத் தாழ்த்துவது அல்ல. பிள்ளையின் உயரக் குறைவுக்குப் பதில் சொல்ல வேண்டியது சாப்பாட்டுத் தட்டும், சத்துணவுக் கூடமும், கர்ப்பிணித் தாயின் உணவும். ராட்டினத்து இருக்கையைப் பதில் சொல்ல வைத்தால் அது உயிரைத்தான் கேட்கும்.

மறுக்கிற விதத்தை மாற்றலாம். கியூவில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் கடைசிப் படியில் திருப்பி அனுப்புவது கொடுமை. டிக்கெட் கொடுக்கும் முன்பே அளக்க வேண்டும். ஏற முடியாத பிள்ளைக்கு, ஏறக்கூடிய சவாரியைக் காட்ட வேண்டும். டிஸ்னி பூங்காக்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை உயரம் போதவில்லை என்றால் அம்மா பிள்ளையோடு வெளியே இருக்க, அப்பா ஏறி வருவார். பிறகு அப்பா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அம்மா மறுபடியும் முழுக் கியூவில் நிற்காமல் ஏறலாம். இதற்குப் பெரிய தொழில்நுட்பமா வேணும்? நல்ல மனசு போதும்.

காசு விஷயத்தைத் தனியாகப் பிரித்துவிடுங்கள் என்பதும் என் கருத்து. ரயிலில் அரை டிக்கெட் வயதைப் பார்த்து. நம் அரசுப் பேருந்தில் 2022 முதல் ஐந்து வயது வரை டிக்கெட்டே வேண்டாம், அதுவும் வயதுதான். ஆனால் சென்னை மெட்ரோவில் 90 செ.மீ.க்குக் கீழ் இலவசம் என்று உயரத்தை வைத்தார்கள். பல கேளிக்கைப் பூங்காக்களிலும் நுழைவுக் கட்டணம் உயரத்தைப் பார்த்துத்தான். அங்கே கட்டணக் கோலுக்கு முன்னால் குனியப் பழகுகிற குடும்பம், அடுத்த வாசலில் பாதுகாப்புக் கோலுக்கு முன்னால் எம்பப் பழகுகிறது. ஒரே கோலுக்கு இரண்டு வேலை கொடுத்தால் ஜனங்கள் அதை ஏமாற்றத்தான் கற்றுக்கொள்வார்கள். காசுக்கு வயது, சவாரிக்கு உயரம். இப்படி வைத்தால் குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம்!

நாம் என்ன செய்யலாம்?

ராட்டினக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. விழா நாட்களில் வருகிற வருமானத்தில்தான் அவர்கள் பிழைப்பு. நடுவில் மழை பெய்தால் அதுவும் போச்சு. ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் கூட வந்த நாலு டிக்கெட்டும் போகும். பக்கத்து ராட்டினக்காரர் ஏற்றிக்கொள்வார். ஆகவே எல்லோருக்கும் ஒரே விதி என்று விழாக் கமிட்டியும் மாநகராட்சியும், பேரூராட்சியும் ஊராட்சியும் சேர்ந்து வைத்தால்தான் அது நிற்கும். மைதானத்தை ஏலம் விடும்போதே, ‘ஒவ்வொரு சவாரிக்கும் உயரப் பலகை கட்டாயம்’ என்று நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கட்டும்.

எத்தனை செ.மீ. என்று யார் முடிவு செய்வது? அது நானும் நீங்களும் யூகித்துச் சொல்கிற எண் அல்ல. இயந்திரத்தைச் செய்த கம்பெனியின் கையேட்டில் இருக்க வேண்டும். பட்டறையில் பார்த்துப் பார்த்துச் செய்த ராட்டினம், கையேடே கிடையாது என்றால், அனுமதிக்கு முன் ஒரு பொறியாளர் இருக்கையையும் பூட்டையும் பார்த்து அந்த எண்ணை எழுதித் தரட்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் கேளிக்கைச் சவாரிகளுக்கென்று தரக்குறிப்புகள் வெளியிட்டிருக்கிறது. அலமாரியில் தூங்குவதற்காக அல்ல.

பலகை எப்படி இருக்க வேண்டும்? இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. எங்க வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். எங்க அம்மாவுக்கு நாலடி என்றால் சட்டென்று புரியும். 120 செ.மீ. என்று எழுதினால் புரியாது. அதையும் இங்கிலீஷில் எழுதி வைத்தால் அது பலகையல்ல, அலங்காரம். ஆகவே படம் போடுங்கள். கோட்டுக்கு மேலே தலை போகிற பிள்ளை பச்சை, கோட்டுக்குக் கீழே நிற்கிற பிள்ளை சிவப்பு. பக்கத்தில் தமிழில் அடிக்கணக்கும் செ.மீ. கணக்கும் இருக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரிய வேண்டும். பேரப்பிள்ளையை ராட்டினத்துக்குக் கூட்டி வருவது பாதி நேரம் பாட்டிதான்.

இங்கேதான் நம் பாலிடெக்னிக்கின் வேலை வருகிறது. கார்ப்பெண்டரி ஷாப்பில் ஆறடி உயரத்தில் ஒரு அளவுக் கட்டை செய்ய நமக்கு ஒரு நாள் போதாதா? அடியில் அகலமான பலகை வேண்டும். மணலில் நட்டால் கட்டை புதைந்து கோடு தாழ்ந்துவிடும். பிள்ளை நிற்பதும் அதே பலகைமேல்தான் இருக்கணும். ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்கணும். கண்ணால் பார்த்து “ஏறக்குறைய சரி” என்று சொல்லாமல் இருக்க, கோட்டின் உயரத்தில் குறுக்காக ஒரு கீல் கட்டை. பிள்ளை கீழே நடந்து போனால் கட்டை அசைய வேண்டும். அசைந்தால் ‘கோ’, அசையாவிட்டால் ‘நோ கோ’! செருப்பைக் கழற்றி அளக்கணும், தூக்கிக் கட்டிய கொண்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வரும் கோட்டாறு திருவிழாவுக்கும் தைத் திருவிழாவுக்கும் நம் மாணவர் பேரவை பத்துக் கட்டைகள் செய்து கொடுக்கலாம். என்.எஸ்.எஸ். மாணவர்கள் மாலை நேரத்தில் இரண்டு பேர் வீதம் வாசலில் நின்று அளந்து, பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு வண்ண நாடா கட்டி விடலாம். கமிட்டிக்காரர்களிடமும் காவல்துறையிடமும் முன்கூட்டிப் பேசி அனுமதி வாங்க வேண்டும். பேரவைத் தலைவரும் நம் ஆசிரியர்களும் மனம் வைத்தால் இது நடக்கும்.

முதல் நாள் சண்டை வரும், எனக்குத் தெரியும். “நேத்துப் பெய்த மழைக்கு முளைச்ச பயலுவ, எங்கள அளக்க வந்துட்டானுவ” என்பார்கள். சொல்லட்டும். ஹெல்மெட்டுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

நண்பர்களே! நாம் டிப்ளமோ முடித்து நாளைக்கு எங்கெங்கோ வேலைக்குப் போவோம். எத்தனையோ ஜாப்களைக் கேஜில் போட்டுப் பாஸ், ரிஜெக்ட் சொல்லுவோம். அதற்கு முன்னால் நம் ஊர் மைதானத்தில், நம் வீட்டுப் பிள்ளைக்கு “இன்னும் கொஞ்சம் வளர்ந்து வா மக்களே, ராட்டினம் அடுத்த வருஷமும் வரும்” என்று அன்பாகச் சொல்லப் பழகுவோம். அடுத்த திருவிழாவுக்கு ராட்டினம் வரும். பிள்ளையும் வர வேண்டும்!

— இரண்டாமாண்டு, மெக்கானிக்கல்